ஜீவனாம்சத்தை நம்பி வீடு வாங்கலாமா?

ஸ்ரீரங்கத்தில் சின்னதாய் ஒரு ஃப்ளாட் வாங்க ஆசை. என் சம்பளம் 32,000. பிள்ளைக்காக அவன் அப்பா தரும் ஜீவனாம்சம் 10,000. இரண்டையும் கூட்டிக்கொண்டு திருச்சியில் ஒரு வங்கிக்குப் போனேன். 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை 17,356 ரூபாய்.

"பையனுக்கு என்ன வயசும்மா?" என்றார் அதிகாரி.

"14 சார்."

"அப்ப நாலு வருஷம் சரி. பாக்கி 16 வருஷத்துக்கு?"

சுருக்கென்றது. மகனுக்கு 18 முடிந்தால் ஜீவனாம்சம் பொதுவாக நின்றுவிடும். அதற்கு முன்பே அவர் நிலைமை மாறினால், 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவுப்படி கோர்ட் தொகையைக் குறைக்கலாம். (கூட்டவும் செய்யலாம், கேட்டால்!) வங்கித் தவணை அதற்காகக் குறையுமா, சகோதரிகளே?

சம்பளத்தை மட்டும் வைத்து 12 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டேன். தவணை 10,414. அம்மா மண்டபம் பக்கம் பழைய வீடுதான். ஜீவனாம்சம் அவன் பள்ளிக்கூட ஃபீஸுக்குப் போகிறது.