கதவைத் திறப்பது நாம்தான்

மைக்கேல் ஜென்ட்ரி 1998-இல் 'ஆங்கர்ஹெட்' எனும் திகில் புனைகதையைக் கணினிக்காக எழுதி வெளியிட்டார். வாசகர் கட்டளையைத் தட்டச்சு செய்தால்தான் கதை நகரும். கணவருக்குச் சொத்தாக வந்த பழைய மாளிகைக்குக் குடிபெயரும் மனைவி நாம்தான். பேய்ப்படத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கோ கதவைத் திறக்கச் சொல்பவரே நாம்.

இத்தகைய கதையை 'முடித்துவிட்டேன்' என அறிவிப்பது எளிதன்று. வாசகர் எதையும் தட்டச்சு செய்யலாம். அதற்கெல்லாம் மறுமொழி வேண்டும். ஜென்ட்ரியே 2018-இல் அதைத் திருத்தி, ஓவியங்களுடன் மீண்டும் வெளியிட்டார்.

தமிழில் எழுதினால்? ஆங்கிலக் கட்டளையில் பெயர்ச்சொல் உருமாறாது. நமக்கோ கதவு, கதவை, கதவில், கதவால்! தமிழ்ப்பள்ளியில் சலிப்போடு படித்த வேற்றுமை உருபைத்தான் கணினிக்கு முதலில் கற்பிக்க வேண்டும். அடுத்து, வாசகரை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? நான் 'நீ' என்றே எழுதுவேன். மரியாதையாக அழைத்துப் பயமுறுத்த முடியுமா, என்ன?