முதலில் மானிட்டரைப் பாருங்கள்

ரிச்சி தெருவில் எந்தக் கடையில் ஏறி கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கேட்டாலும் பதிலுக்கு வரும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். கேட்பவர் மேல் குறையில்லை, அது அவர் தொழில். ஆனால் பெருங்களத்தூரிலோ முடிச்சூரிலோ இருந்து கிளம்பி, மின்சார ரயிலில் கிண்டி வரை வந்து, மெட்ரோவுக்கு மாறி எல்.ஐ.சி.யில் இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழையும் கல்லூரிப் பையனும் அவனுடைய அப்பாவும் ஒரு தொகையைச் சொன்ன நொடியே பேரம் அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. இருபத்தைந்தாயிரம் என்றால் இருபத்தைந்தாயிரத்துக்கு ஒரு கார்டு மேசைக்கு வரும். அந்தக் கார்டு அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் முழுதாக வேலை செய்யுமா என்ற பேச்சே எழாது.

முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் இருக்கும் மானிட்டர் எது?

நொடிக்கு எத்தனை படங்களைக் கார்டு வரைந்து தருகிறது என்பதுதான் ஃபிரேம் கணக்கு. விலையை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்பது தெரியும். 24,000 ரூபாய்க் கார்டு ஒன்று நீங்கள் ஆடும் கேமில் 60 ஃபிரேம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிரேமுக்கு 400 ரூபாய் ஆகிறது. 30,000 ரூபாய்க் கார்டு 80 தருகிறது, 375 ரூபாய்தான். காகிதத்தில் இரண்டாவதே லாபம். ஆனால் மேசையில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், அது நொடிக்கு 60 முறைக்கு மேல் திரையை மாற்றாது. போட்டி ஆட்டங்களில் கைவேகத்துக்குச் சிறு உதவி கிடைக்கும் என்பதைத் தவிர, மீதி 20 ஃபிரேம் கண்ணுக்கு வந்து சேராது. இப்போது ஃபிரேமுக்கு 500 ரூபாய். இரண்டு கார்டுகளுக்கும் இடையிலான 6,000 ரூபாயோடு ஒன்றிரண்டாயிரம் சேர்த்தால் 100 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டரே வாங்கிவிடலாம். ஸ்டீம் தளம் மாதாமாதம் வெளியிடும் கணக்கின்படி உலகம் முழுக்க அதில் ஆடுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் ஃபுல் எச்டி திரையில்தான் ஆடுகிறார்கள். அந்தத் திரைக்கு 60,000 ரூபாய்க் கார்டு தேவையே இல்லை.

அடுத்து, கார்டைச் செருகப்போகும் பெட்டி. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவற்றைத் துடைத்து, எஸ்.எஸ்.டி. மாட்டி விற்பது ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் பெரிய வியாபாரம். முதல் கம்ப்யூட்டராக அதை வாங்குவது புத்திசாலித்தனம் என்றே நானும் சொல்வேன். சிக்கல் அதன் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிறது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் 180 முதல் 260 வாட் வரைதான் கிடைக்கும். கார்டுக்கென்று தனி மின்கம்பி இருக்காது. பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பே அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம் என்பதால், சந்தையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி மாட்டவும் முடியாது. 170 வாட் குடிக்கும் ஆர்.டி.எக்ஸ். 3060-ஐ வாங்கி வந்து இதில் என்ன செய்வது?

மதர்போர்டின் ஸ்லாட் தன் வழியாகக் கொடுக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுகள்தான் இந்தப் பெட்டிகளுக்கு. 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-இல் தனிக் கம்பி தேவைப்படாத மாடல்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜிபி வடிவம் 70 வாட்டோடு நின்றுவிடுகிறது. பெட்டி ஒல்லியானதாக இருந்தால் 'லோ புரொஃபைல்' என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் மூடி மூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 3050 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் இருக்கிறது. 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் நினைவகத்தில் மட்டுமல்ல. 6 ஜிபி கார்டின் சிப்பிலேயே உட்கருக்கள் குறைவு. 3060-இலும் இதே கதை. 12 ஜிபி கார்டுக்குப் பின்னால் வந்த 8 ஜிபி 3060-இன் நினைவகப் பாதை குறுகியது. கேமில் அது நன்றாகவே பின்தங்கும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

"நாலு ஜிபி கார்டு சார், அஞ்சாயிரம்தான்" என்று ஜி.டி. 730-ஐ எடுத்து நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். 2014-இல் வந்த சரக்கு அது. கூடுதல் மானிட்டர் இணைக்கத்தான் ஆகும். எத்தனை ஜிபி ஒட்டியிருந்தாலும் சிப்புக்குத் தெம்பில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டுபவர் என்றால், ரைசன் 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதைவிடப் பல மடங்கு மேல். வாலரன்ட், கவுன்டர்ஸ்டிரைக், ஜிடிஏ 5 ஆகியவற்றைச் சுமாரான அமைப்பில் அதிலேயே ஆடலாம். ராமை மட்டும் ஒற்றைக் குச்சியாகப் போடாமல் இரட்டையாகப் போட வேண்டும், ஏனென்றால் அந்தக் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. கார்டு வாங்காமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டு, காசு சேர்த்து நல்லதாக ஒன்று வாங்குவது எத்தனையோ மேல்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு சாதாரண கேபினட் வைத்திருப்பவர்களுக்கே புதுக் கார்டுச் சந்தை. அங்கே எல்லோரையும் முதலில் குழப்புவது விலை. அமெரிக்காவில் 299 டாலர், இங்கே ஏன் 30,000 ரூபாய் என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. அமெரிக்கர்கள் அறிவிக்கும் விலையில் வரி சேராது. ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 299 டாலர் 25,415 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 29,990. 30,000-த்தை ஒட்டி நின்றால் கடைக்காரர் நியாயமாகத்தான் விற்கிறார். டாலர் ஏறினால் இந்தக் கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். 249 டாலருக்கு அறிவிக்கப்பட்ட இன்டெல் ஆர்க் பி580 இதே கணக்கில் சுமார் 25,000. 349 டாலர் ஏஎம்டி ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்டி 16 ஜிபி சுமார் 35,000. 429 டாலர் ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ 16 ஜிபி சுமார் 43,000. இந்தத் தொகையைவிட நாலைந்தாயிரம் கூடுதலாகச் சொன்னால், வண்ண விளக்குக்கும் மூன்றாவது விசிறிக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

என்னைக் கேட்டால், 2025-க்குப் பிறகு 30,000 ரூபாய் கொடுத்து வாங்கும் கார்டில் 8 ஜிபி நினைவகம் மட்டும் இருப்பது நியாயமில்லை. கேமில் காணும் சுவர், தரை, முகம் எல்லாவற்றின் மேற்பரப்புப் படங்களும் கார்டின் நினைவகத்தில் குடியிருக்க வேண்டும். இடம் போதாதபோது மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமில் வைத்து, ஸ்லாட் வழியாக இழுத்து இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 5060-இன் சொந்த நினைவகம் நொடிக்கு 448 ஜிகாபைட் கொடுக்கும். அந்தக் கார்டை ஸ்லாட்டோடு இணைப்பவையோ எட்டுத் தடங்கள் மட்டுமே. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 தலைமுறை மதர்போர்டில் அந்த எட்டுத் தடங்களில் நொடிக்குச் சுமார் 8 ஜிகாபைட்தான் வரும், அதாவது ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய இரவு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகளெல்லாம் பெருங்களத்தூரில் வந்து நெரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, கேம் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே காட்டும்; நடுநடுவே அரை நொடி உறையும். சில கேம்கள் உறையாமல், சொல்லாமல் கொள்ளாமல் படத்தை மங்கலாக்கிவிடும்.

கவுன்டர்ஸ்டிரைக், வாலரன்ட், கால்பந்து என்றே காலம் தள்ளுபவருக்கு 8 ஜிபி தாராளம். புதுக் கதை கேம்களை நாலைந்து வருஷம் ஆட நினைப்பவர் 12 அல்லது 16 ஜிபிக்குப் போகட்டும். என் தேர்வு 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 30,000-லிருந்து 35,000-க்கு ஏறுவது நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய விஷயமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த 5,000 இரண்டு வருஷம் கழித்து இன்னொரு கார்டு வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். பி580 12 ஜிபி விலைக்கு அருமையான கார்டு, ஒரு நிபந்தனையோடு. மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' வசதி இருக்க வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். பழைய பிராசஸரோடு சேர்த்தால் அதன் வேகம் கணிசமாக விழுவது 2025 ஜனவரியில் நடந்த சோதனைகளில் வெளிப்பட்டது. ஆறாம் தலைமுறை ஐ5 ஆப்டிபிளெக்ஸில் அதைச் செருக நினைக்காதீர்கள்.

படிப்பையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர்களுக்குக் கணக்கு மாறும். வண்டலூர், மேற்குத் தாம்பரம், பொத்தேரி கல்லூரிகளில் மெஷின் லேர்னிங் படிப்பவர்களும் பிளெண்டரில் அனிமேஷன் செய்பவர்களும் என்விடியாவின் 'கூடா' மென்பொருளைத் தவிர்ப்பது கடினம். பாடங்களும் கருவிகளும் பெரும்பாலும் அதை நம்பியே இருக்கின்றன. அவர்களுக்கு 5060 டிஐ 16 ஜிபி, அது எட்டாவிட்டால் செகண்ட்ஸில் 3060 12 ஜிபி. 2021-இல் வந்த அந்தக் கார்டை இவ்வளவு காலம் கழித்தும் சிபாரிசு செய்யக் காரணம் அந்த 12 ஜிபிதான்.

விளம்பர எண்களை ஒதுக்கிவிடுங்கள். 549 டாலர் 5070, அதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலையான 4090-க்குச் சமம் என்று 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். கார்டு வரையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே செயற்கை நுண்ணறிவு ஊகித்து நிரப்பும் படங்களையும் சேர்த்தால்தான் அந்தச் சமன் வரும். அசல் ஃபிரேம் போதுமான அளவு வரும்போது அந்த நிரப்பல் பார்க்க மென்மையாக இருக்கும். அசலே 25, 30 என்று தள்ளாடும்போது படம் வழுக்கிக்கொண்டு போகும், மவுஸ் மட்டும் பின்தங்கும். ஒப்பிடும்போது அசல் ஃபிரேமைக் கேளுங்கள்.

இனி செகண்ட்ஸ். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கார் ஆலை இருந்த பெருங்களத்தூர் நிலத்தில் இன்று ஐ.டி. பூங்கா நிற்கிறது. அங்கும் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்திலும் வேலை பார்த்து, புதுத் தலைமுறை வந்ததும் மாறிக்கொள்ளும் இளைஞர்களிடம் நன்றாகப் பேணிய கார்டுகள் கிடைக்கும். பில், பெட்டி, மீதி வாரண்டி மூன்றும் இருந்தால் கடைச் சரக்கைவிட அதையே நம்பலாம். பெரும்பாலான பிராண்டுகள் மூன்று ஆண்டு வாரண்டி தருகின்றன. பல பிராண்டுகள் சீரியல் எண்ணை வைத்தே அதைக் கணக்கிடுகின்றன, ஆனாலும் பில்லைக் கேட்பார்கள். பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் அந்த மூன்று ஆண்டையும் சேர்த்தே இழக்கிறீர்கள்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாகச் சுரங்க வேலை செய்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டின. ஆர்.எக்ஸ். 580, 1660 சூப்பர், 3060 டிஐ எல்லாம் அதில் அடக்கம். சுரங்கத்தில் உழைத்ததாலேயே கார்டு கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். விசிறியும் நினைவகத்தின் சூட்டுப் பட்டைகளும்தான் தேய்ந்திருக்கும். ஏமாற்று வேறு வகை. பழைய சிப்பில் பொய்யான பயாஸ் ஏற்றி ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்று விற்பது ஒரு காலத்தில் பெருகி, 2018-இல் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளே அவற்றைப் போலி என்று குறித்துக் காட்டத் தொடங்கியது. ஆர்.எக்ஸ். 580 2048எஸ்பி என்று வருவது பெயரளவில்தான் 580, உட்கரு எண்ணிக்கையில் 570. பி106-100 என்பது சுரங்கத்துக்கென்றே வந்தது. அதில் மானிட்டர் இணைக்கும் துளையே கிடையாது.

எனவே "ஓட்டிக் காட்டுங்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஜிபியு-இசட்டில் பெயரும் நினைவகமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் புள்ளியோ கோடோ சிதறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வார 'டெஸ்டிங் வாரண்டி' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், தேதியோடு எழுதி வாங்குங்கள். 1050 டிஐ, 1060 கார்டுகளை இனி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது. இண்டியானா ஜோன்ஸ், டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது. 1650 வாங்குபவரும் இதை அறிந்தே வாங்க வேண்டும்.

மின்கட்டணத்தை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். புது 4060-க்கு 115 வாட், வேகத்தில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான செகண்ட்ஸ் 3060 டிஐக்கு 200 வாட். நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் 15 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு மட்டும் கவலைப்பட்டால் போதும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில் அந்த 85 வாட் வெப்பம்தான் தொந்தரவு. சாலையோர வீடுகளில் புழுதி வேறு. மாதம் ஒருமுறை விசிறியைச் சுத்தம் செய்யாவிட்டால் எந்தக் கார்டும் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. கார்டிலும் அதே வகைச் சிப்புகள்தான் இருக்கின்றன. அதிலும் 16 ஜிபி கார்டில் இரட்டிப்பாக. மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு மூன்றும் தயாராக இருந்து, மேலே சொன்ன டாலர் கணக்கை ஒட்டிய விலையில் கார்டு கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். அவை தயாராக இல்லையென்றால் இந்த மாதம் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.