பணியிட ஆவண வலைவாசலில் அணுகலுரிமையும் பாதுகாப்பும்: ஜெர்மானிய நடைமுறை

முன்னுரை

சோழர் செப்பேடுகளில் அலுவலர் பெயர்கள் நிரல்பட நிற்பதை ஆய்வாளர் அறிவர். அரசாணையைத் திருமந்திர ஓலை எழுதினார், ஓலைநாயகத்தார் ஒப்பிட்டனர், புரவுவரித் திணைக்களத்தார் வரியிலிட்டனர். எழுதுவோர், ஒப்பிடுவோர், பதிவோர் எனப் பொறுப்புகள் பிரிந்திருந்தன. இன்னார் இன்னது செய்தார் என்பதும் ஏட்டிலேயே இடம்பெற்றது. இன்றைய அலுவலகங்களின் மின்னாவண வலைவாசல்களும் இவ்விரு கூறுகளையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஒன்று, பணிக்கேற்ற அணுகலுரிமை. மற்றொன்று, செயல்களின் பதிவேடு. ஜெர்மனியில் இவை எவ்வாறு சட்டத்துக்கு உட்படுத்தப்பட்டுள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அணுகலுரிமை

வலைவாசலுள் நுழைவதும் ஆவணத்தைத் திறப்பதும் வெவ்வேறானவை. கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சான்றும் நுழைபவர் யார் என்பதை உறுதிசெய்கின்றன. அவர் எதைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம், எதை நீக்கலாம் என்பதை அணுகலுரிமை வரையறுக்கிறது. இவ்வுரிமையை ஆளுக்கு வழங்காது பணிப்பொறுப்புக்கு வழங்குவதே சீரிய முறையாகும். ஊதியக் கணக்கர் வேறு பிரிவுக்கு மாறும்போது பழைய பொறுப்புடன் பழைய உரிமையும் நீங்கிவிடும். ஆளுக்கு வழங்கினால் உரிமைகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே செல்லும். பணி விலகியவரின் கணக்கும் மூடப்படாமல் எஞ்சக்கூடும்.

நூரம்பெர்க் நிகழ்வு

எச் அண்ட் எம் ஆடை நிறுவனத்தின் நூரம்பெர்க் சேவை மையத்தில், குறைந்தது 2014 முதல், பணியாளர் சிலரின் தனிவாழ்வுச் செய்திகள் திரட்டப்பட்டு வந்தன. விடுப்போ நோயோ முடிந்து திரும்பியவருடன் மேற்பார்வையாளர் உரையாடி, நோய்க்குறிகளையும் குடும்பச் சிக்கல்களையும் குறித்துவைத்தனர். அக்குறிப்புகள் நிறுவனத்தின் பொதுச் சேமிப்பகத்தில் இருந்தன. அவற்றின் ஒரு பகுதியை ஐம்பது மேலாளர் வரை படிக்க முடிந்தது. 2019 அக்டோபரில் அமைப்புப் பிழை ஒன்றினால் அவை சில மணிநேரம் நிறுவனம் முழுமைக்கும் திறந்துகிடந்தன. அதன் பின்னரே செய்தி வெளிவந்தது. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2020 அக்டோபரில் 3.53 கோடி யூரோ தண்டம் விதித்தார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பூட்டு பழுதானதால் தவறு பிறக்கவில்லை. அது வெளிப்பட்டது, அவ்வளவே. சேமிக்கத் தகாததைச் சேமித்ததும், ஐம்பதின்மர்க்குத் திறவுகோல் அளித்ததும் பிழைக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டன.

பதிவேடும் பணியாளரும்

ஆவணத்தை யார், எப்போது திறந்தார் என்னும் பதிவேடு இன்றி ஊடுருவலைக் கண்டறிதல் அரிது. ஆயினும், பணியாளர் எத்தனை மணிக்கு அமர்ந்தார், எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தார் என்பதையும் அதே பதிவேடு காட்டிவிடும். காவலுக்கு வைத்தது வேவுக்கும் பயன்படும்.

இதற்கு 1972ஆம் ஆண்டின் நிறுவன அமைப்புச் சட்டம் விடை தருகிறது. பணியாளரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவியைப் புகுத்தும் முடிவில் பணியாளர் மன்றத்துக்கும் பங்குண்டு என்கிறது அதன் 87ஆம் பிரிவு. கண்காணிக்கும் நோக்கம் இருக்கவேண்டியதில்லை, கருவி அதற்கு ஏற்றதாயிருப்பதே போதும் என்று நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. ஆகவே, மன்றம் உள்ள நிறுவனத்தில் இத்தகைய வலைவாசலுக்கு முன் உடன்படிக்கை தேவை. எவை பதியப்படும், எவர் பார்ப்பர், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பன அதில் எழுதப்படும். உடன்பாடு எட்டாவிடில் இணக்கக் குழு முடிவு செய்யும்.

இம்மரபின் வேர் ஆழமானது. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இயற்றப்பட்டது. தம்மைப் பற்றிய தகவலைத் தாமே ஆளும் உரிமையைக் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1983இல் மக்கட்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் நிலைநாட்டியது.

முடிவுரை

மாணவர் பட்டியல், உறுப்பினர் விவரம், மின்னாக்கம் செய்த மடல்கள் ஆகியவற்றைப் பேணும் புலம்பெயர் தமிழ் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்தால், திறந்தவர் யாரெனப் பதிவேடு கூறாது. மென்பொருள் வாங்குமுன் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை காணுதல் வேண்டும்: இதைச் சேமிக்கத் தேவையுண்டா? எப்பொறுப்பினர் பார்க்கலாம்? பார்த்தவரின் பதிவை எவர் பார்ப்பர்? மூன்றாவது வினாவே ஜெர்மானிய நடைமுறையின் சிறப்புக் கொடை.