அறுத்த பிறகும் காப்பீடு உண்டு... 72 மணி நேரம் முக்கியம்!

உளுந்துச் செடியைப் பிடுங்கி வயலில் காயப் போட்ட மறுநாளே பருவம் தவறிய மழை. 'அறுவடை முடிஞ்சுபோச்சு, இனி இன்ஷூரன்ஸ் எங்கே வரப்போகுது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசின் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிகள் அப்படிச் சொல்லவில்லை.

விதிகளில் 'அறுவடைக்குப் பிந்தைய இழப்பு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அறுத்து வயலிலேயே பரப்பிக் காயவைத்த விளைச்சலுக்கு, அறுவடையிலிருந்து 14 நாள்கள் வரை பாதுகாப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஆலங்கட்டி மழை, புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை ஆகியவற்றால் கெட்டால் இழப்பீடு கேட்கலாம். களத்தில் போராகக் குவித்துவிட்டால் கிடையாது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தப் பிரிவை மாநில அரசு தன் அறிவிக்கையில் சேர்த்திருக்க வேண்டும். தங்கள் மாவட்டத்துக்கும் பயிருக்கும் அது உண்டா என்பதை, பிரீமியம் கட்டும்போதே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்றே நாளில், தகவல் சொல்லியாக வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, வங்கியிலோ, வேளாண்மை அலுவலகத்திலோ சொல்லலாம். சர்வே எண், பயிர், பரப்பு, சேதமான தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தகவல் பதிவான எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவைப்பது அவசியம்.