அர்ஜுனனுக்கு ஓர் இமயமலை!

ஒரு காலத்தில் நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் இமயமலையைச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். திரைச்சீலையில் தீட்டிய மலைதான்! கிருஷ்ண ஜெயந்திக்கு மயிலிறகு சொருகிய பொடியன் அதற்கு முன்னால் நின்று 'வீல்' என்று கத்த... 'க்ளிக்!' பிருந்தாவனம் ரெடி.

இப்போது திரையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள என்னை உட்கார வைத்தவர், திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார். வயது எழுபது. 'அர்ஜுனன் தபசு' என்றால் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். "தம்பி, வேஷத்தோட என்னை நெசமான இமயமலையில நிறுத்திக் காட்டு. கண்ணை மூடறதுக்குள்ள பார்த்துடணும்" என்றார். மறுக்க முடியுமா?

ஒட்டுவேலை ஒன்றும் புதுசில்லை. 1857-லேயே இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிவிட்டார். ராஜஸ்தானின் நாத்துவாராவில் பக்தர்களின் போட்டோவை வெட்டி, ஸ்ரீநாத்ஜி ஓவியத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். 1990-ல் போட்டோஷாப் வந்தது. 1994-ல் அதில் 'லேயர்' வசதியும் சேர, கத்தரிக்கோலும் பசையும் ரிட்டயர்டு! காசு செலவில்லாமல் பழக 'கிம்ப்' இருக்கிறது.

முதல் பாடம், துணி. பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால் ஆளைப் பிரிப்பது சுலபம் என்பார்கள். கூத்து வேஷத்துக்கு அது ஆகாது. கிரீடம், புஜக்கட்டை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. ஒவ்வொன்றிலும் பச்சை பிரதிபலிக்கும். பச்சையை நீக்கினால் கிரீடத்தில் கரையான் அரித்த மாதிரி ஓட்டைகள்! ஆகவே சாம்பல் நிறப் போர்வையைக் கட்டினேன். ஓரங்களைப் புள்ளி புள்ளியாகக் கையாலேயே தேர்ந்தெடுத்தேன். கிரீடத்துக்கு மட்டும் இரண்டு ராத்திரி.

இரண்டாவது, 'மாஸ்க்'. வேண்டாததை அழிக்கக்கூடாது, மறைக்க வேண்டும். நாளைக்கு மனசு மாறினால் திரும்பக் கொண்டுவரலாமே!

மூன்றாவது, வெளிச்சம். மலைக்கு இடப்பக்கம் வெயில் என்றால் அர்ஜுனனுக்கும் இடப்பக்கமே. கேதார்நாத் போய்வந்த நண்பர் காலையில் எடுத்த மலைப்படத்தை வைத்துக்கொண்டு, வாத்தியாரையும் காலை வெயிலில் நிறுத்தினேன்.

நான்காவது, அடிவானம். சமதரையில் அவர் கண் உயரத்தில் கேமரா இருந்தால், படத்திலும் அடிவானம் அவர் கண் மட்டத்தில்தான் வரவேண்டும்.

ஐந்தாவது, நிழல். பாதத்தடியில் கருப்பாக, தள்ளிப் போகப் போக மங்கலாக. அது இல்லாவிட்டால் அர்ஜுனன் அந்தரத்தில் மிதந்து அனுமாராகிவிடுவார்!

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"மலை ஜோரா இருக்குது. ஆனா... ஜனங்களைக் காணோமே தம்பி?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ஜுனன் தபசுமரம் ஏறுவார். அந்த மரம்தான் கைலாசம். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மூட்டுவலி வந்து நாலு வருஷமாக வாத்தியார் ஏறுவதில்லை.

"போன திருவிழாப் படம் இருக்கு. மரத்து மேல உங்களையே வெச்சிடட்டுமா?" என்றேன். கம்ப்யூட்டருக்கு அது அஞ்சு நிமிஷ வேலை.

முகம் மாறிவிட்டது. "அங்க இருக்கறவன் என் சிஷ்யப் பையன். பன்னெண்டு நாள் விரதமிருந்து ஏறினான். அவனை அழிச்சிட்டா என்னை வெப்பே? மலையிலயே நான் இருக்கேன். ஜனங்களை மட்டும் கூட்டியா."

கூட்டி வந்துவிட்டேன். பனிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் உச்சிவெயிலில் வியர்த்து வழிய மடியேந்தி நிற்கிறார்கள். மூன்றாவது பாடப்படி வெளிச்சம் துளிகூடப் பொருந்தவில்லை. வாத்தியார் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்!