மருந்துக்கடையும் புகைவிலக்கும்

பெரிய காஞ்சிபுரத்துக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருவோர் பலர், வந்த வேலையோடு மருந்துக்கடைக்கும் சென்று திரும்புவது வழக்கம். மருத்துவரைக் காண நேரமில்லாதவரும் இருமல் மருந்துக்காக அங்கு நிற்பர். ஆகவே, புகைப்பழக்கத்தைக் கைவிட மக்களுக்குத் துணைபுரியுமாறு மருந்தாளுநர்களைப் பயிற்றுவிப்பது நாம் கருதத்தக்க ஒரு நற்பணியாகும்.

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் நெசவாளர் பலருக்கு வீடே தொழிற்கூடம். தறியருகே பீடி புகைந்தால், உடன் உழைக்கும் மனைவியும் அருகில் பாடம் படிக்கும் குழந்தையும் அப்புகையையே சுவாசிக்க நேரிடுகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. வீட்டினுள் அது நுழைவதில்லை. அங்கே நுழையக்கூடியவை அறிவுரையும் உதவியுமே. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. அதன் வாயிலை அடையுமுன் நோயைத் தடுப்பதன்றோ அறிவுடைமை!

புகைப்பவரை மனவுறுதியற்றவர் என்று இகழ்வதில் பயனில்லை. புகையிலையிலுள்ள நிகோட்டின் உடலைத் தனக்கு அடிமையாக்குகிறது. விட்ட முதல் வாரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகும்; சில வாரங்களில் தணியும். அந்நாட்களில் துணை நிற்பவர் ஒருவர் தேவை.

பயிற்சி பெற்ற மருந்தாளுநர் செய்ய வேண்டுவன ஐந்து: புகைக்கும் வழக்கம் உண்டா எனக் கனிவுடன் கேட்டல், விடுமாறு தெளிவாகக் கூறுதல், விட விருப்பமுண்டா என அறிதல், நாள் குறித்து வழி சொல்லுதல், மறுவாரம் மீண்டும் வரச்செய்து விசாரித்தல். நிகோட்டின் அடங்கிய மெல்லும் பசையைப் பயன்படுத்தும் முறையையும் அவர் விளக்க வேண்டும். அதை வெற்றிலைபாக்குப்போல் ஓயாது மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும் உண்டாகும். மெதுவாக மென்று, காரம் தோன்றியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்தலே முறை. அதற்கு முன் கால் மணி நேரம் காப்பி, தேநீர் அருந்தலாகாது. கருவுற்றோரையும் இருதய நோயாளரையும் மருத்துவரிடமே அனுப்புதல் வேண்டும்.

இம்முறை பலன் தருமா? வட அயர்லாந்திலும் லண்டனிலும் மருந்துக்கடைகளில் 484 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு 2001இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப்பின், பயிற்சி பெற்ற மருந்தாளுநரின் துணை பெற்றோருள் 14.3 சதவீதத்தினர் புகையை விட்டிருந்தனர்; வழக்கமான முறையில் அறிவுரை பெற்றோருள் 2.7 சதவீதத்தினரே. பெரும்பாலோர் முதல் முயற்சியில் வெல்லவில்லை என்பதும் இதனால் விளங்கும். தவறியவரைக் கடியாது மீண்டும் முயலச் செய்தலும் பயிற்சியின் ஒரு பகுதியேயாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகி, அந்நிலையத்து மருந்தாளுநருக்கும் அருகிலுள்ள கடைக்காரர்களுக்கும் அரைநாள் பயிற்சி நடத்துமாறு கோரலாம். 1800-112-356 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி வைக்கலாம். மே 31ஆம் நாளாகிய உலகப் புகையிலை எதிர்ப்பு நாளில் இதனை ஊராருக்கு எடுத்துரைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, அலுவலகத் திண்ணையில் நாம் புகைப்பதை நிறுத்துவோமாக. நம் சொல்லுக்கு மதிப்பு அதன்பின்னரே உண்டாகும்.