தீயைப் பாடமாக்கிய கல்லூரி

"நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா?" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஆசிரியர்கள் பெரும்பாலும் சொற்களைக் கொண்டே தொழில் நடத்துகிறவர்கள். கடலைக் காணாத மாணவனுக்குப் படத்தில் கடலைக் காட்டுகிறோம். இமயத்தைக் காணாதவனுக்கு அதன் உயரத்தை எண்ணால் உணர்த்துகிறோம். ஆனால், எரிகின்ற வீட்டினுள் நுழைந்து ஓர் உயிரை மீட்டு வர வேண்டியவனுக்குச் சொல்லால் மட்டும் கற்பித்துவிட இயலாது. உண்மையான நெருப்பை மூட்டி, உண்மையான புகையினுள் அவனை நடத்திச் சென்றே கற்பிக்க வேண்டும். அத்தகைய கல்விக்கென்றே நம் நாட்டில் ஒரு கல்லூரி உண்டு. நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியே அது. அது எவ்வாறு தோன்றியது, அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தீயணைப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணமே மிகப் பழையதன்று. துணிவும் ஒரு வாளி நீரும் இருந்தால் போதும் என்றே மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். அக்கருத்தை மாற்றியவர்களுள் தலையாயவர் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரத்தவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர். 1824-ஆம் ஆண்டு அந்நகரின் தீயணைப்புப் படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 24. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே நகரின் பழைய பகுதியில் பெருந்தீ பற்றிப் பேரழிவை விளைவித்தது. அவர் தம் படைக்குத் தச்சர், கொத்தர், கொல்லர், கூரை வேய்வோர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்தார். கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவனுக்கே அது எங்கே இடிந்து விழும் என்பதும் தெரியும் அல்லவா? ஊர் உறங்கும் விடியற்காலையில் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். தெருவில் நின்று நீரை வீசுவதை விட்டு, வீட்டினுள் சென்று தீயின் மூலத்தைக் கண்டு, அதன்மேல் நீரைச் செலுத்தக் கற்பித்தார். தீயணைப்போரைப் பயிற்றுவிப்பது பற்றி 1830-இல் நூலும் வெளியிட்டார். பின்னர் 1833-இல் லண்டன் நகரப் படையின் தலைமையை ஏற்ற அவர், 1861-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், டூலி தெருவில் பற்றிய பெருந்தீயில் சுவர் இடிந்து விழ, பணியிலேயே உயிர் நீத்தார்.

நம் நாட்டில் இத்துறையின் வரலாற்றைப் பேசுவோர் எவரும் 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாளை மறப்பதில்லை. பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிகீன்' என்னும் கப்பலில் பருத்திப் பொதிகளும் போருக்கான வெடிபொருள்களும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. நண்பகலுக்குப் பின் கப்பலின் அடியறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து நீரைப் பாய்ச்சினர். ஆயினும் தீயின் மூலம் அகப்படவில்லை. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர்க் கப்பல் வெடித்தது; சிறிது நேரத்தில் மற்றொரு முறையும் வெடித்தது. துறைமுகமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் சிதைந்தன. பொதுமக்கள் பல நூற்றுவர் மாண்டனர். தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர் துறந்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் கொண்டாடப்படுவது அவர்களின் நினைவாகவே ஆகும். அவ்வீரர்கள் துணிவில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். எப்பொருள் எங்கே எரிகிறது, அதனருகே என்ன இருக்கிறது, எத்தனை நேரம் அங்கே நிற்கலாம் என்பவற்றை அறியும் அறிவு துணிவுக்குத் துணை நிற்க வேண்டும் என்பதை அந்நாள் நாட்டுக்கு உணர்த்தியது.

விடுதலைக்குப் பின்னர் இக்குறையைப் போக்கும் முயற்சி தொடங்கியது. தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பாயினும், அதிகாரிகளுக்கு நாடெங்கும் ஒரே தரமான பயிற்சி வேண்டும் என்று கருதப்பட்டது. அதன் பயனாக மத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் 1956-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் இக்கல்லூரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1957-இல், அது நாகபுரிக்கு மாற்றப்பட்டது. இந்தியாவின் நடுப்பகுதியில் அமைந்த அந்நகர், வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருவோர்க்கு ஏற்ற இடமாகும்.

தொடக்கத்தில் மாநிலங்கள் அனுப்பிய அதிகாரிகளே இங்கு மாணவராயினர். நிலைய அலுவலர், கோட்ட அலுவலர் எனப் பதவிக்கேற்ற பாடத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. இங்கே ஒரு நுட்பத்தைக் காணலாம். நிலைய அலுவலர் பாடத்திட்டமே பயிற்றுநர்க்கு உரிய பாடத்திட்டமும் ஆகும். ஒருவர் கற்றுத் திரும்பினால், தம் மாநிலத்தில் பலருக்குக் கற்பிப்பார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் எந்த நோக்கத்தால் எழுந்தனவோ அதே நோக்கம் இதிலும் விளங்குகிறது. நம் மாநிலத்தின் தீயணைப்பு வீரர்களுக்குத் தாம்பரத்தில் பயிற்சி மையம் இருப்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். காலப்போக்கில் நாகபுரிக் கல்லூரி மேலும் வளர்ந்தது. தீப் பொறியியல் என்னும் பட்டப்படிப்பு, நாகபுரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்புடன் அங்கே நடைபெறலாயிற்று. 2002-ஆம் ஆண்டு ஹர்ஷினி கன்ஹேகர் என்னும் மங்கை அப்படிப்பில் சேர்ந்து, அக்கல்லூரியின் முதல் மாணவியானார். ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட வாயில் அன்றே மகளிர்க்கும் திறந்தது.

அங்கே கற்பிக்கப்படும் பாடங்களின் அடிப்படை உங்கள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது என்றால் வியப்படைவீர்கள். எரிபொருள், உயிர்வளி, வெப்பம் ஆகிய மூன்றும் கூடினால்தான் தீ உண்டாகும். அவை ஒன்றையொன்று தூண்டும் தொடர்வினையால் அது நீடிக்கும். இவற்றுள் ஒன்றை நீக்கிவிட்டால் தீ அவியும். நீர் ஏன் தீயை அணைக்கிறது? ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்க 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே நீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கிலோ கலோரி வேண்டும். இதனையே உள்ளுறை வெப்பம் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே, நீர் ஓடி வீணாகாமல் ஆவியாகும்போதுதான் தீயின் வெப்பத்தை மிகுதியாகக் கவர்கிறது. நீரைச் சிறு துளிகளாகத் தெளிக்கும் கலை இதனால் பிறந்தது. ஆனால், ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாகப் பெருகும். அடைபட்ட அறையில் கணக்கறியாமல் நீரைப் பாய்ச்சினால், அந்நீராவி வீரனையே வேகச் செய்துவிடும். எரியும் எண்ணெயில் நீரை ஊற்றினாலோ, நீர் அடியில் சென்று நொடியில் ஆவியாகி, எண்ணெயை நாற்புறமும் சிதறடிக்கும். ஒரே நீர் ஓரிடத்தில் காக்கும், மற்றோரிடத்தில் கொல்லும்.

அறிவியல் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. குழாயை விரித்து இணைத்தல், ஏணியை நிறுத்தி ஏறுதல், கயிற்றில் முடிச்சிடுதல், மயங்கியவரைத் தோளில் சுமந்து இறங்குதல் ஆகியவற்றை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மூச்சுக் கருவி அணிந்து புகை நிறைந்த இருட்டறையில் செல்லும்போது கண்ணுக்கு வேலை இல்லை. கையால் சுவரைத் தடவிச் செல்ல வேண்டும். தாம் கொண்டுசென்ற குழாயைத் தொட்டுக்கொண்டே வெளியே மீள வேண்டும். துணையைப் பிரிதல் கூடாது. "பதறாத காரியம் சிதறாது" என்பர் நம் பெரியோர். பதறாமை என்பது பிறவிக் குணமாக ஒரு சிலருக்கே வாய்க்கும். ஏனையோர்க்கு அது பழக்கத்தால் வருவது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். வெறும் அறையில் தொடங்கிப் புகையறையில் முடியும் இப்பயிற்சியில் அவ்விதி முழுமையாகப் பின்பற்றப்படுவதைக் காண்கிறேன்.

இனி நம்மைப் பற்றிய செய்திக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையில் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஆசிரியத் தொழில் புரிந்த எவரும் அந்த எண்ணை நெஞ்சம் நடுங்காமல் சொல்ல இயலாது. நாகபுரியில் பயின்ற மிகச் சிறந்த அதிகாரியாயினும் செய்தி கிடைத்த பின்னரே புறப்பட முடியும். சாலையைக் கடந்தே வந்து சேர முடியும். அதுவரை கழியும் முதற்சில நிமிடங்கள் கட்டடத்தினுள் இருப்பவர்களின் கையில்தான் உள்ளன. அகன்ற படிக்கட்டும், தாழிடாத வாயிலும், தீப்பற்றாத கூரையும், வெளியேறப் பழகிய பிள்ளைகளும் அந்நேரத்தில் காப்பவை. எனவே, பயிற்சி என்பது சீருடை அணிந்தோர்க்கு மட்டும் உரியதன்று.

மாணவர்களே, உங்கள் வகுப்பறையிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உள்ளன என்று நாளைக்கே எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஒன்று பூட்டிக் கிடந்தால் தலைமையாசிரியரிடம் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். தீ ஒத்திகை நடத்த வேண்டுமென்று கேளுங்கள். புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து தவழ்ந்து செல்லுங்கள்; வெப்பமும் புகையும் மேலே எழுவதால் தரையை ஒட்டியே மூச்சு விடத்தக்க காற்று இருக்கும். வெளியேறிய பின் 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்; புத்தகப் பையை எடுக்க மீண்டும் உள்ளே போகாதீர்கள். உங்களுள் சிலர் நாளை நாகபுரிக்கே சென்று இக்கலையை முழுமையாகக் கற்று வந்தால், அதனினும் மகிழ்ச்சி தருவது வேறில்லை.